வீட்டில் பூனை... விருந்துக்கு வருகிறது நாய்!

"டாக்டர், பொங்கலுக்கு என் தம்பி குடும்பத்தோட வர்றான். கூடவே அவன் நாயும் வருதாம். எங்க வீட்டுல ரெண்டு பூனை இருக்கே... என்ன பண்றது?"

நாடி பார்க்கக் கையை நீட்டிக்கொண்டே ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. சித்த வைத்தியரிடம் கேட்கிற கேள்வியா என்று நீங்கள் சிரிக்கலாம். மீஞ்சூர் மாதிரி ஊரில் வைத்தியம் பார்ப்பவரிடம் எல்லாமே கேட்பார்கள். பையனுக்கு எந்தப் படிப்பு நல்லது என்பதிலிருந்து, கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்பது வரைக்கும்!

ஆனால் இதைச் சாதாரணக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. நாயும் பூனையும் ஒரே கூரைக்குக் கீழே நாலு நாள் இருந்தால், கடைசியில் கடி வாங்குவது பெரும்பாலும் குறுக்கே போய் விலக்கிவிடுகிற மனுஷர்தான். பூனைக்கு வரும் ஆபத்தோ சத்தமே இல்லாமல் வரும். இரண்டையும் பற்றிப் பார்ப்போம்.

ஜென்ம விரோதிகளா?

இல்லவே இல்லை. ஒன்றின் பாஷை இன்னொன்றுக்குப் புரிவதில்லை, அவ்வளவுதான்.

நாய் கூட்டமாக வேட்டையாடிய ஓநாய் வம்சம். மனிதனோடு சேர்ந்து 15 ஆயிரம் வருஷமாவது இருக்கும். புது இடம், புது ஆள், புது வாசனை எல்லாமே அதற்குக் குஷி. பூனை அப்படியில்லை. தானியக் குதிருக்கு வந்த எலியைத் தேடி, தானாக மனிதனிடம் வந்து சேர்ந்த தனி வேட்டைக்காரர். சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்ட ஒரு பூனையின் எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்து 2004-ல் அறிவித்தார்கள். அதன் வயது சுமார் 9,500 வருஷம்! அத்தனை காலம் நம்மோடு இருந்தும் பூனை தன் குணத்தை விடவில்லை. நாய்க்குத் தன் மனுஷர்கள் இருந்தால் போதும். பூனைக்குத் தன் இடம் வேண்டும்.

இப்போது பாஷைக்கு வருவோம். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் சந்தோஷம். பூனை வாலைச் சாட்டை மாதிரி இப்படியும் அப்படியும் அடித்தால் 'கிட்டே வராதே' என்று அர்த்தம். நாய் மல்லாந்து படுத்தால் 'நான் உனக்கு அடங்கினவன்'. சண்டையில் பூனை மல்லாந்து படுத்தால் நாலு கால் நகமும் தயார்! நாய் முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி 'வா, விளையாடலாம்' என்று கூப்பிடும். அதைப் பார்க்கும் பூனைக்கோ, பாயப் போகிற மிருகம் என்றுதான் தோன்றும். ஓடும். ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் ரத்தத்தில் ஊறியது. முடிந்தது கதை!

குட்டியிலேயே பழகினால் இந்தத் தகராறு இல்லை. இஸ்ரேல் நாட்டு டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளைக் கவனித்து, 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் சந்தித்திருந்தால், அதுவும் பூனை முதலில் வீட்டுக்கு வந்திருந்தால், நட்பு நன்றாக அமைகிறதாம். ஒன்றின் பாஷையை இன்னொன்று கற்றுக்கொள்ளவும் செய்கிறதாம். ஆனால் நாம் பேசுவது நாலு நாள் விருந்தாளியைப் பற்றி. வளர்ந்த நாய், வளர்ந்த பூனை. பாஷை கற்றுக்கொள்ள நேரம் ஏது?

கன்னத்தால் எழுதிய பட்டா

உங்கள் பூனை கதவு மூலை, நாற்காலிக் கால், உங்கள் புடவை, வேட்டி என்று கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சுகிறது என்று நினைப்போம். கொஞ்சலும் உண்டு. அதோடு கன்னத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையை அது பூசிக்கொண்டே போகிறது. நமக்கு அந்த வாசனை தெரியாது. பூனைக்கு அது பட்டா மாதிரி. 'இது என் இடம், இங்கே பயமில்லை' என்று வீடு முழுக்க எழுதி வைத்திருக்கிறது.

அந்த வீட்டுக்குள் ஒரு நாய் வந்து பத்து நிமிஷம் சுற்றினால் போதும். எழுதியதெல்லாம் அழிந்த மாதிரி. போதாக்குறைக்கு விருந்தாளிகளின் பெட்டி, செருப்பு, குழந்தைகளின் கூச்சல், மாற்றிப் போட்ட கட்டில்! காது வேறு கூர்மை. நமக்கு 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். நாய்க்கு 45 ஆயிரம், பூனைக்கு 60 ஆயிரத்துக்கும் மேலே. ஹாலில் ஒரு குரைப்பு நமக்கு எரிச்சல். பரணில் ஒளிந்திருக்கும் பூனைக்கு அது இடி.

பயம் வந்தால் உடம்பு கெடும் என்பதை நம் வைத்தியத்தில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மனக்கலக்கம் வளியைக் கிளப்பும், பசியைக் கெடுக்கும், மலஜலத்தைக் கட்டும் என்று மனிதர்களுக்குச் சொல்கிறோம். பூனைக்கு நாடி பார்க்க நான் படிக்கவில்லை. ஆனால் அதே மூன்றும் பூனைக்கும் நடக்கிறது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். நானும் கண்ணால் பார்த்தேன்.

2023 டிசம்பர்

வடசென்னைக்காரர்கள் அந்த மாதத்தை மறக்க மாட்டார்கள். 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கறுப்பாகப் படிந்தது. அது ஓயும் முன்பே 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிவு. கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, கிடைத்த வண்டியில் ஏறிக் கிளம்பினார்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். அந்த ராத்திரி அவருடைய தங்கை குடும்பம் எண்ணூரிலிருந்து வந்து இறங்கியது. கூடவே மூன்று வயது லாப்ரடார். தங்கமான நாய். யாரையும் கடித்ததில்லை. டீச்சரம்மா வீட்டிலோ ஒரு பெட்டை, ஒரு கடுவன் என்று இரண்டு பூனைகள். அப்படிப்பட்ட ராத்திரியில் பூனையைப் பற்றி யார் யோசிப்பார்கள்? நாய் ஹாலில் ஓடியது. பெட்டைப் பூனை ஜன்னல் வழியாக மொட்டை மாடிக்குப் போய்விட்டது. கடுவன் பரணில் ஏறிப் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் முழுக்க இறங்கவில்லை. தண்ணீர்க் கிண்ணம் சமையலறையில், மண் தட்டு பின்கட்டில். இரண்டுக்கும் போக வேண்டுமென்றால் ஹாலைத் தாண்ட வேண்டும். ஹாலில் நாய்.

மூன்றாம் நாள் காலையில் டீச்சரம்மா என்னிடம் வந்தார்.

"டாக்டர், கடுவன் பூனை மண் தட்டுல போய்ப் போய் உக்காருது. முக்குது, கத்துது. ஒண்ணும் வரலை. மலச்சிக்கல்தான். கடுக்காய்ச் சூரணம் கொஞ்சம் குடுங்களேன், பால்ல கலந்து வைக்கிறேன்."

நான் கேட்டது ஒரே கேள்வி: "மூத்திரம் போச்சாம்மா?"

யோசித்துப் பார்த்தார். நேற்று மத்தியானத்திலிருந்து மண் ஈரமாகவே இல்லை!

கடுக்காயும் வேண்டாம், நிலாவரையும் வேண்டாம், இப்பவே வண்டி பிடியுங்கள் என்று வேப்பேரிக்கு அனுப்பினேன். 1903-லிருந்து இருக்கிற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. மூத்திரத் தாரை அடைத்துக்கொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்காது என்றார்களாம்.

இது ஏன் கடுவனுக்கு மட்டும்?

கடுவன் பூனையின் மூத்திரத் தாரை பென்சில் முனை மாதிரி நீண்டு குறுகி முடியும். பயத்தாலும் மனக்கலக்கத்தாலும் பூனையின் மூத்திரப்பை உள்தோல் வீங்குவதுண்டு. கிருமியே இல்லாமல் வருகிற வீக்கம் இது. தண்ணீர் குடிக்காமல், மூத்திரத்தையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மூத்திரம் கெட்டியாகும். சளி மாதிரிக் கசடும் பொடி உப்பும் சேர்ந்து அந்தக் குறுகிய முனையில் தக்கை மாதிரி அடைக்கும். பெட்டைக்குத் தாரை அகலம், குட்டை. அதற்கும் எரிச்சல் வரும், சொட்டுச் சொட்டாக ரத்தம் கலந்தும் போகும். ஆனால் முழு அடைப்பு ரொம்ப அபூர்வம்.

அடைத்த பிறகு என்ன ஆகிறது? வெளியே போக வேண்டிய கழிவும் பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறுகின்றன. வாந்தி, சோர்வு, உடம்பு சில்லிடும். கடைசியில் இதயத் துடிப்பே தடுமாறும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். ஆகவே கடுவன் பூனை மண் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கினால், 'மலச்சிக்கல்' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அடிவயிற்றைத் தொட்டால் கத்துகிறதா? குறியை நக்கிக்கொண்டே இருக்கிறதா? அன்றைக்கே கால்நடை மருத்துவர். ராத்திரியானாலும் சரி.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. நாய் ஒரு வேளை, இரண்டு வேளை பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. பூனை, அதுவும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாமல் இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் கரைந்து கல்லீரலில் போய்ப் படியும். மஞ்சள் காமாலை கண்டுவிடும். 'பசிச்சா தானா வரும்' என்ற பேச்சு பூனைக்குச் செல்லாது.

நண்பர்களாக்க முயற்சி செய்யாதீர்கள்!

இது என் தீர்மானமான கருத்து. விருந்தாளி நாய் ஒரு வாரத்துக்குள் கிளம்பிவிடும் என்றால் இரண்டையும் பழக்க வேண்டாம். பிரித்து வையுங்கள், போதும். "பாரு, யாரு வந்திருக்கா பாரு" என்று பூனையைத் தூக்கி நாய் மூஞ்சிக்கு நேரே காட்டுகிறார்கள் சிலர். தூக்கியவர் கை கிழியும். முகமும் கிழியலாம்.

பிரித்து வைப்பது எப்படி? ஓர் அறையைப் பூனைக்கென்று ஒதுக்குங்கள். படுக்கையறையோ, ஸ்டோர் ரூமோ எதுவானாலும் சரி. அதனுடைய பழைய துணி, சாப்பாட்டுக் கிண்ணம், தண்ணீர், மண் தட்டு எல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும். தண்ணீரும் மண் தட்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், ஆளுக்கொரு மூலை. இரண்டு பூனை என்றால் மூன்று தட்டு வைத்தால் நல்லது. ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வையுங்கள். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல பங்களா கிடையாது! பீரோவின் மேல் தட்டைக் காலி பண்ணிக் கொடுங்கள். உயரத்தில் உட்கார்ந்தால்தான் பூனைக்குத் தைரியம்.

முக்கியமானது: நாய் வருகிற அன்று இதைச் செய்யக் கூடாது. இரண்டு நாள் முன்பே அந்த அறையில் சாப்பாடு வைத்துப் பழக்கிவிடுங்கள். நாயின் பழைய துண்டு ஒன்றை முன்கூட்டியே யாராவது கொண்டுவந்து கொடுத்தால் இன்னும் நல்லது. பூனையின் கிண்ணத்திலிருந்து தள்ளிப் போட்டு வைத்தால் வாசனை பழகும். அறைக் கதவில் 'திறக்காதே' என்று ஒரு காகிதம் ஒட்டுங்கள். வந்திருக்கும் குழந்தைகள் ஒரு நாளைக்கு இருபது தடவை திறப்பார்கள். என் அனுபவத்தில் பெரியவர்கள் அதைவிட மோசம்.

ஜன்னல் கிரில் இடைவெளி பெரிதாக இருந்தால் வலை கட்டுங்கள். பயந்த பூனை தெருவுக்குப் போனால் திரும்பி வர வழி தெரியாமல் போகலாம். தெருநாய்கள் வேறு.

தினமும் இரண்டு வேளை வீட்டார் ஒருவர் அந்த அறையில் போய்ச் சும்மா உட்காருங்கள். பேப்பர் படியுங்கள். பூனையைக் கூப்பிட வேண்டாம், தூக்க வேண்டாம். அதுவாக வந்து உரசட்டும்.

மாசக்கணக்கில் தங்கப் போகிறார்கள் என்றால்? மகளுக்குப் பிரசவம், வீட்டில் ரிப்பேர் வேலை, வெள்ளம்... இப்படி ஆகும்போது பழக்கித்தான் ஆகவேண்டும். முதல் வாரம் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நாய்க்குச் சாப்பாடு, அந்தப் பக்கம் பூனைக்குச் சாப்பாடு. ஒன்றின் வாசனை வந்தால் நல்ல சாப்பாடும் வரும் என்று இரண்டுக்கும் மனசில் பதியட்டும். துணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். பிறகு கதவைத் திறந்து, நாயைக் கயிற்றில் பிடித்தபடி, பூனை உயரத்தில் இருக்கும்போது ஐந்து நிமிஷம் மட்டும். அதற்கு முன் நாயை நன்றாக நடக்க வைத்துக் களைக்க விட வேண்டும். பூனை சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு படி கீழே இறங்குங்கள்.

நாயின் கண்ணைக் கவனியுங்கள். பூனையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறதா, தரையை முகர்கிறதா, கூப்பிட்டால் உங்களைப் பார்க்கிறதா? கவலையில்லை. உடம்பு விறைத்து, இமைக்காமல், வாயை மூடி, ஒரே புள்ளியாகப் பூனையையே பார்த்தால் உடனே வெளியே கூட்டிப் போங்கள். அது கோபமில்லை, வேட்டை. நம்முடைய சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்கள் முயல் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. ராஜபாளையமும் வேட்டை நாய்தான். (2005-ல் தபால் தலை போட்டுக் கௌரவித்தார்களே, அதே ராஜபாளையம்!) அருமையான நாய்கள். ஆனால் குட்டியிலிருந்து பழகாவிட்டால், இவற்றை ஓடுகிற பூனையோடு ஒரு நிமிஷம்கூடத் தனியே விடக் கூடாது.

தைலத்தை எடுத்து உள்ளே வையுங்கள்

சித்த மருத்துவன் இதைச் சொல்கிறானே என்று ஆச்சரியப்படாதீர்கள். மூலிகை எல்லாம் எல்லா உயிருக்கும் நல்லது என்ற எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறது. பூனை விஷயத்தில் அது பெரிய தப்பு. காட்டில் மாமிசம் ஒன்றையே தின்று வாழ்ந்த இனம். செடிகொடிகளிலுள்ள பல ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் ஒரு வேலை அதன் கல்லீரலில் மிகவும் பலவீனம். நமக்கு மருந்தாகிற கற்பூரம், கிராம்புத் தைலம், யூகலிப்டஸ் தைலம், தலைவலித் தைலங்களில் இருக்கும் சாலிசிலேட் எல்லாம் பூனை உடம்பில் நாள் கணக்கில் தங்கி நஞ்சாகும். 'பயந்து கிடக்கே, கொஞ்சம் தைலம் தடவலாம்' என்று தடவினால் அது நக்கி உள்ளே தள்ளும்.

அலோபதி மாத்திரையும் அப்படித்தான். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாக மாறும், முகம் வீங்கும்.

விருந்தாளி நாய் வந்தால் இன்னும் இரண்டு சங்கதி கூடவே வரும். ஒன்று, புது இடத்தில் நாய் ஒண்ணுக்கு இருக்கும். உடனே நாம் ஃபினாயில் பாட்டிலைத் தேடுவோம். ஃபினாயில் போட்டுத் துடைத்த ஈரத் தரையில் பூனை நடந்து, பாதத்தை நக்கினால் வாயும் வயிறும் புண்ணாகும், கல்லீரல் கெடும். சோப்புத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், மின்விசிறி. இவ்வளவு போதும்.

இன்னொன்று உண்ணி மருந்து. நாயின் பிடரியில் சொட்டு சொட்டாக விடும் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்குக் கெடுதல் இல்லை. பூனைக்குப் பட்டால் நடுக்கம், வலிப்பு, சாவு. ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மருந்து விட்டுவிட்டுத்தான் பலர் நாயைக் கூட்டி வருவார்கள். ஆகவே வெட்கப்படாமல் போனிலேயே கேட்டுவிடுங்கள்: "நாய்க்கு என்ன மருந்து போட்டிருக்கீங்க? என்னிக்குப் போட்டீங்க?" பெர்மெத்ரின் என்றால் குறைந்தது மூன்று நாள் பூனை அந்த நாயையோ அதன் படுக்கையையோ தொடக் கூடாது. தடுப்பூசிச் சீட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் பூனைக்கும் ரேபிஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். மூன்று மாதக் குட்டியிலிருந்தே போடலாம்.

பூனை வணங்கும் ஒரு செடி

நம் வைத்தியத்தில் பூனைக்கென்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது! குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. பாளையங்கோட்டையில் நாங்கள் படித்த காலத்தில், மூலிகைப் பாடத்தில் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். பெயர் சும்மா வைக்கவில்லை. குப்பைமேனியைப் புதிதாகப் பிடுங்கி வேரைப் போட்டால், பல பூனைகள் அதை முகர்ந்து, தலையால் தேய்த்து, புரண்டு, கிறங்கிப் போகும். இலைக்கு அத்தனை மயக்கம் இல்லை, வேருக்குத்தான். மேல்நாட்டில் கேட்னிப் என்ற செடியைப் பூனை பொம்மைகளில் வைத்துத் தைத்து விற்கிறார்கள் அல்லவா? அதிலுள்ள வாசனைப் பொருளுக்கு நெருங்கிய உறவுள்ள ஒன்று குப்பைமேனி வேரில் இருக்கிறது. எல்லாப் பூனையும் மயங்காது. பிறவிக் குணம்.

மண்ணைக் கழுவி, ஒரு சின்ன வேரை அந்தத் தனி அறையில் போட்டு வையுங்கள். பத்து நிமிஷம் விளையாடிவிட்டுத் தூங்கினால் நல்லதுதானே? முகர மட்டும்தான். சாறெடுத்துப் புகட்டவோ, அரைத்துச் சாப்பாட்டில் கலக்கவோ வேண்டாம்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: விருந்து வீட்டில் இரண்டுக்கும் பிரியாணியை நீட்டாதீர்கள். வெங்காயமும் பூண்டும் இரண்டின் ரத்தத்தையும் கெடுக்கும். பாயசத்து உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு எமன். சாக்லேட்டும் கூடாது.

கடி பட்டுவிட்டால்...

சண்டை மூண்டுவிட்டது. கையை நடுவில் விடாதீர்கள். நடுவில் ஒரு தலையணை, பலகை, பாய் எதையாவது நுழையுங்கள். கனமான போர்வையை எறியலாம். பிரிந்த பிறகும் பூனையைத் தூக்கிச் சமாதானப்படுத்த வேண்டாம். கோபம் தணிய மணிக்கணக்காகும். நாய் மேல் காட்ட முடியாத கோபத்தை உங்கள் மேல் காட்டும். தன் கூடப் பிறந்த பூனையையே கடிக்கும்.

நாய்க்கடிக்குப் பயப்படுகிறவர்கள் பூனைக்கடியைப் பொருட்படுத்துவதில்லை. "குண்டூசி குத்தின மாதிரிதான் டாக்டர் இருக்கு" என்பார்கள். அதுதான் ஆபத்து. பூனைப்பல் ஊசி மாதிரி. தோலில் ஓட்டை சின்னது, கிருமி இறங்குவது ஆழத்தில். விரல் மூட்டிலோ மணிக்கட்டிலோ பட்டால், ஒரே ராத்திரியில் கை வீங்கிச் சிவந்துவிடும். சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒரு வேளைகூடத் தாமதிக்கக் கூடாது. நகம் பட்ட இடத்தில் சில நாள் கழித்துக் கொப்புளமும், அக்குளில் நெறிகட்டிக் காய்ச்சலும் வந்தால், பூனை கீறியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கடித்தது எதுவானாலும் முதல் வேலை குழாயடியில். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம். நேரே அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம்.

நம் ஏடுகளில் நஞ்சு முறிவு மருந்துகள் ஏராளம். அதைப் படித்தவன்தான் நானும். ஆனால் ரேபிஸ் குறி கண்ட பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. வராமல் தடுக்கத் தடுப்பூசியை விட்டால் வேறு வழி இல்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் சில பாட்டிமார்களுக்கு இருக்கிறது. அந்தப் பழைய ஊசி நம் நாட்டில் 2005 வாக்கிலேயே நின்றுபோனது. இப்போது புஜத்தில்தான். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போடும் நாள்தான் 0. காயம் ஆழம் என்றால் காயத்தைச் சுற்றியே எதிர்ப்புப் புரதம் போடுவார்கள். வலிக்கும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் போட்டுக்கொள்ளலாம். "நம்ம மச்சான் வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள். கடித்த பிராணியை 10 நாள் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது.

கர்ப்பிணிப் பெண் வீட்டில் இருந்தால், பூனையின் மண் தட்டை வேறு யாராவது தினமும் மாற்றுங்கள். அதிலுள்ள ஒரு ஒட்டுண்ணி, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. நாயும் அந்தத் தட்டில் வாய் வைக்கும். அதற்கு அது பலகாரம்!

விருந்தாளிகள் கிளம்பிய பிறகு

நாய் படுத்த பாய், போர்வை, சோபா உறை எல்லாவற்றையும் வெந்நீரில் நனைத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள். சுவர் இடுக்கு, கட்டில் கால் ஆகிய இடங்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பூனையின் காது, கழுத்து, கால்விரல் இடுக்குகளையும் தடவிப் பாருங்கள்.

தனி அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பூனை அன்றைக்கே வெளியே வராது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, ஒவ்வொரு மூலையாக முகர்ந்து பார்த்துக்கொண்டு வரும். இரண்டு பூனை இருந்து, அதில் ஒன்று மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்தால், வாசனை மாறியதால் மற்றது அதைப் பார்த்துச் சீறும். ஓரிரு நாள் தனித்தனியாக வைத்துச் சேருங்கள். வீட்டில் எல்லாவற்றையும் துவைத்தாலும் பூனை படுக்கும் அந்தப் பழைய துணியை மட்டும் இன்னும் ஒரு வாரத்துக்குத் தண்ணீரில் போடாதீர்கள்.